பார்டர் தாண்டும் டிரக் டிரைவருக்கு: போதைச் சோதனையில் என்ன நடக்கும், எங்கே மாட்டிக்கொள்வோம்

கனடாவின் ஒன்டாரியோவில் பிராம்ப்டன், மிசிசாகா பக்கம் புதிதாக ஏ-இசட் என்னும் கனரக டிரக் லைசன்ஸ் எடுத்துவிட்டு வேலை தேடும் நம் ஆட்களிடம் போதைச் சோதனை பற்றிப் பேச்செடுத்தால் முக்கால்வாசிப் பேர் சொல்வது, "நான் குடிக்கவே மாட்டேன், எனக்கென்ன?" என்பதுதான். குடிக்கிறவர் ஊரெல்லாம் விசாரித்து விதியைத் தெரிந்து வைத்திருப்பார். எதையும் தொடாதவர்தான் கிளினிக்கில் உட்காரச் சொன்னால் "வீட்டுல வேலை இருக்கு, நாளைக்கு வரேன்" என்று எழுந்து போவார், டாக்டர் அலுவலகத்திலிருந்து வந்த போனைத் தெரியாத நம்பர் என்று கட் பண்ணுவார். அமெரிக்க விதியில் இந்த இரண்டுமே வேலைக்கு உலை வைக்கக்கூடியவை. அதனால் இதை எழுதும்போது போதைப் பழக்கம் இருப்பவரை விட, அது இல்லாதவரைத்தான் அதிகம் மனதில் வைத்திருக்கிறேன்.

இந்த விதி உங்களுக்கா?

கனடாவுக்குள் மட்டும் ஓட்டினால் அமெரிக்கச் சோதனை விதி உங்களைக் கட்டாது. ஆனால் ஒன்டாரியோவில் 2018 ஜூலை 1 முதல் கமர்ஷியல் வண்டி ஓட்டும் யாருக்கும் உடம்பில் மதுவும் கூடாது, கஞ்சாவும் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைச் சாலையில் நிறுத்திப் பார்ப்பது போலீஸ். இதற்கும் கம்பெனி அனுப்பும் சோதனைக்கும் சம்பந்தமில்லை. சில கம்பெனிகள் சொந்தக் கொள்கையாக உள்நாட்டு டிரைவர்களையும் சோதிக்கும், அது தனிக் கதை.

வின்ட்சரில் அம்பாசடர் பாலத்தையோ சார்னியாவில் புளூ வாட்டர் பாலத்தையோ ஒரே ஒரு லோடுடன் தாண்டினாலும் கதை மாறிவிடும். மொத்த எடைத் தகுதி 26,001 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வண்டி, டிரைவரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ ஏறும் பஸ், அபாயப் பலகை மாட்ட வேண்டிய சரக்கு ஏற்றிய எந்த வண்டியும், இவற்றில் ஒன்றை அமெரிக்க மண்ணில் ஓட்டுகிறவர் எல்லோரும் இதற்குள் வருவார்கள். கம்பெனி கனடாவில் பதிவானது, நான் கனடியன் சிட்டிசன், கஞ்சா இங்கே 2018 அக்டோபர் 17-லேயே சட்டபூர்வம் ஆகிவிட்டது, இப்படி எதைச் சொன்னாலும் பலிக்காது.

இவ்வளவு கெடுபிடிக்குப் பின்னால் ஒரு ரயில் விபத்து இருக்கிறது. 1987 ஜனவரி 4-ஆம் தேதி மேரிலாண்டில் சேஸ் என்ற இடத்தில் சரக்கு இன்ஜின்கள் சிக்னலைத் தாண்டி வந்து நிற்க, பின்னால் வந்த ஆம்ட்ராக் பயணிகள் ரயில் மோதி 16 பேர் செத்தார்கள். சரக்கு இன்ஜினில் இருந்த இருவரும் கஞ்சா புகைத்திருந்தது பிறகு தெரிந்தது. அதன் தொடர்ச்சியாக 1991-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டம்தான் ரயில், விமானம், டிரக் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது. படிவங்களில் "பகுதி 40", "பகுதி 382" என்று பார்ப்பீர்கள். முதலாவது, சோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்பது. இரண்டாவது, டிரக் பஸ் டிரைவரை எப்போது சோதிக்க வேண்டும் என்பது.

வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்: கிளியரிங்ஹவுஸ்

2020 ஜனவரி 6-லிருந்து நடக்கும் ஆன்லைன் பதிவேடு இது. ஒரு டிரைவர் சோதனையில் தோற்றாலோ மறுத்தாலோ இதில் ஏறிவிடும், அடுத்த கம்பெனி பார்க்கும். முன்பெல்லாம் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டவர் அதைச் சொல்லாமல் பக்கத்து யார்டில் போய்ச் சேர்ந்துகொள்வார், அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது.

பதிவு செய்ய டிரைவருக்குக் காசு இல்லை. அமெரிக்க அரசின் தளம் என்பதால் முகவரி டாட் கவ் என்று முடியும். பணம் கேட்கும் வேறு தளத்தில் போய் விழாதீர்கள். முதலில் லாகின் டாட் கவ் கணக்கு ஒன்று திறந்து, அதற்குள் போய் டிரைவர் என்று தேர்ந்தெடுத்து, லைசன்ஸ் எண்ணையும் நாடு, மாகாணத்தையும் கொடுக்க வேண்டும். எண்ணை லைசன்ஸைப் பார்த்தே அடியுங்கள், நினைவிலிருந்து அடித்து ஒரு எழுத்து மாறினால் கம்பெனி தேடும்போது நீங்கள் கிடைக்க மாட்டீர்கள்.

பிறகு கம்பெனி உங்களைப் பற்றி முழுத் தேடல் கேட்கும். உங்கள் மின்னஞ்சலுக்கு அறிவிப்பு வரும், நீங்களே உள்ளே போய்ச் சம்மதம் கொடுக்க வேண்டும். நேர்காணல் முடிந்து எல்லாம் பேசி முடித்து ஒரு வாரமாக டிஸ்பாட்ச் கூப்பிடவில்லை என்று காத்திருப்பவர்கள் ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள், சம்மதம் கேட்ட கடிதம் அங்கேதான் கிடக்கும். வேலையில் சேர்ந்த பிறகு வருடம் ஒருமுறை சுருக்கத் தேடல் செய்வார்கள், அதற்குச் சேரும் அன்றே பொதுவாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

முதல் சோதனை: கிளினிக்கில் நடப்பது

வேலைக்குச் சேரும் முன் போதைப்பொருள் சோதனை கட்டாயம். மதுச் சோதனை இந்தக் கட்டத்தில் கம்பெனியின் விருப்பம், வைத்தால் எல்லா டிரைவருக்கும் வைக்க வேண்டும், ஆளுக்கு ஆள் பார்த்து வைக்கக்கூடாது. நெகட்டிவ் என்ற முடிவு கம்பெனிக்கு வந்து சேரும் வரை உங்களை ஒரு லோடுக்குக்கூட அனுப்ப முடியாது. "இன்னைக்கு ஓட்டு, ரிசல்ட் நாளைக்கு வந்துடும்" என்று எந்த டிஸ்பாட்ச்சராவது சொன்னால் அந்தக் கம்பெனி மற்ற விதிகளையும் எப்படி நடத்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பது ஐந்து வகை: கஞ்சா, கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமின் குடும்பம், ஓபியாய்டு குடும்பம், பி.சி.பி. என்னும் மயக்கப் பொருள். ஓபியாய்டில் ஹெராயின், மார்ஃபின், கோடீன் மட்டுமல்ல, 2018 ஜனவரி 1 முதல் ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் போன்ற டாக்டர் எழுதும் வலி மாத்திரைகளும் சேர்ந்திருக்கின்றன. பொதுவாகச் சிறுநீர்தான் எடுப்பார்கள். உமிழ்நீர் எடுக்கவும் 2023-ல் விதி வந்தது, ஆனால் அமெரிக்க சுகாதாரத் துறையின் சான்று பெற்ற லேப் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அது நடக்கும்.

போகும்போது அசல் அடையாள அட்டை வேண்டும், போட்டோவுடன். நகல் செல்லாது. உள்ளே போனதும் ஜாக்கெட், தொப்பியைக் கழற்றச் சொல்வார்கள், பாக்கெட்டில் இருப்பதை எல்லாம் எடுத்துக் காட்டச் சொல்வார்கள், பர்ஸை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அவர்கள் கண் முன்னால் கை கழுவ வேண்டும். கழிப்பறைத் தொட்டித் தண்ணீர் நீலமாக இருக்கும், அதிலிருந்து மொண்டு கலந்துவிடக்கூடாது என்று சாயம் போட்டிருப்பார்கள். தண்ணீர்க் குழாயை அடைத்திருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். குறைந்தது 45 மி.லி. வேண்டும். முடிந்ததும் ஃப்ளஷ் பண்ணாதீர்கள், அவர்கள் சொல்லும் வரை கை வைக்கவே கூடாது, பழக்க தோஷத்தில் நிறையப் பேர் பண்ணிவிடுகிறார்கள்.

கப்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன வெப்பமானிப் பட்டை ஒட்டியிருக்கும். நான்கு நிமிடத்துக்குள் அதைப் பார்ப்பார்கள், 32-லிருந்து 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே இன்னொரு மாதிரி, இந்தத் தடவை உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கூச்சமாக இருக்கிறது என்று அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அதுவும் மறுப்புதான்.

பிறகு உங்கள் முன்னாலேயே இரண்டு பாட்டிலாகப் பிரிப்பார்கள், ஒன்றில் 30 மி.லி., மற்றதில் 15. முதலாவதை லேப் சோதிக்கும், இரண்டாவது உங்கள் பாதுகாப்புக்கு, பின்னால் சொல்கிறேன். பாட்டில் மேல் சீல் ஒட்டிய பிறகுதான் அதில் உங்கள் இனிஷியல் போட வேண்டும். சீல் ஒட்டும் வரை பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள், போனை நோண்ட அது நேரமில்லை. படிவத்தில் லைசன்ஸ் எண்ணும் மாகாணமும் சரியாக இருக்கிறதா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் சாப்பிடும் மருந்துகளை மாதிரி எடுப்பவரிடம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தரும் படிவ நகலின் பின்பக்கம் குறித்து வைத்துக்கொள்ளலாம், டாக்டர் கூப்பிடும்போது அது உதவும்.

வரவில்லை என்றால்

சிலருக்கு அடுத்தவர் வெளியே நிற்கிறார் என்றாலே வராது. அதற்கு விதியிலேயே வழி இருக்கிறது: மூன்று மணி நேரம் வரை காத்திருக்கலாம், அதற்குள் 40 அவுன்ஸ் வரை, அதாவது ஏறக்குறைய 1.2 லிட்டர், குடிக்கத் தருவார்கள். குடிக்க மாட்டேன் என்றால் தப்பில்லை. எழுந்து போனால்தான் தப்பு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும், பார்க்கிங் முடியப் போகிறது, எதுவாக இருந்தாலும் சரி, உட்கார்ந்தே இருங்கள், போனில் யாரையாவது ஏற்பாடு பண்ணுங்கள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் வராவிட்டால் ஐந்து நாளுக்குள் ஒரு டாக்டரிடம் அனுப்புவார்கள், உடல் ரீதியான காரணம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார், காரணம் இல்லையென்றால் அதுவும் மறுப்பாகிவிடும்.

வேலைக்கு முந்தைய சோதனைக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, மாதிரி எடுக்கத் தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டால் மறுப்பு ஆகாது. கப்பை வாங்கிய பிறகு கிளம்பினால் ஆகும். இந்தச் சலுகையை நம்பி விளையாட வேண்டாம்.

இன்னொரு பக்கம், வராமல் போய்விடுமோ என்று பயந்து காலையிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வருபவர்களும் உண்டு. மாதிரி நீர்த்துப்போயிருக்கிறது என்று லேப் சொல்லும், கம்பெனி மறுபடி அனுப்பலாம், ரொம்ப நீர்த்திருந்தால் மறுபடி எடுப்பது ஆள் நின்று பார்க்கும் சோதனையாகவே இருக்கும். வழக்கம்போல ஒரு காபி, ஒரு பாட்டில் தண்ணீர் போதும்.

டாக்டரின் போன்

லேப்பில் ஏதாவது தெரிந்தால் முடிவு நேராகக் கம்பெனிக்குப் போகாது. நடுவில் எம்.ஆர்.ஓ. என்று ஒரு மருத்துவர் இருக்கிறார். அவர் உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்ட பிறகுதான் பாசிட்டிவா நெகட்டிவா என்று முடிவாகும். 24 மணி நேரத்துக்குள் அவர் தரப்பில் மூன்று முறையாவது முயல்வார்கள். கிடைக்கவில்லை என்றால் கம்பெனி ஆள் மூலம் உங்களைக் கூப்பிடச் சொல்வார்கள். கம்பெனி சொல்லியும் 72 மணி நேரத்துக்குள் நீங்கள் திரும்ப அழைக்காவிட்டால் உங்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்காமலே பாசிட்டிவ் என்று பதிந்துவிடலாம். அதனால் சோதனை கொடுத்த பிறகு ஒரு வாரமாவது தெரியாத நம்பரை எல்லாம் எடுங்கள். டெலிமார்க்கெட்டிங் ஆளிடம் நாலு தடவை மாட்டினாலும் பரவாயில்லை. வாய்ஸ்மெயில் நிரம்பிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

பேசும்போது ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், புரியாமல் "யெஸ், யெஸ்" சொல்வதை விட அது மேல். சாப்பிட்ட மருந்தின் பெயர், எழுதிய டாக்டர், வாங்கிய பார்மசி, இதுதான் அவருக்கு வேண்டும். சரியான மருந்துச் சீட்டு இருந்தால் நெகட்டிவ் என்று முடிப்பார். ஆனால் அந்த மருந்தோடு ஓட்டுவது பாதுகாப்பா என்ற கேள்வி வந்தால் உங்கள் டாக்டர் அவரிடம் பேச ஐந்து வேலை நாள் அவகாசம் தருவார், அதற்குள் உங்கள் குடும்ப டாக்டரின் ரிசப்ஷனைத் துரத்துவது உங்கள் பொறுப்பு. மனைவிக்கு எழுதிய வலி மாத்திரையை முதுகு வலிக்கு இரண்டு போட்டேன் என்றால் அது விளக்கமே ஆகாது.

பாசிட்டிவ் என்று முடிவு சொல்லப்பட்டால், 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது பாட்டிலை வேறு லேப்பில் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். காசுக்குத் தயங்கி நிற்க வேண்டாம், முதலில் கேட்டுவிடுங்கள். பணம் கையில் இல்லை என்பதற்காகச் சோதனையைத் தள்ளக்கூடாது என்பதே விதி.

சமையலறையும் மருந்துப் பெட்டியும்

நமக்கே உரிய சிக்கல்கள் இங்கேதான் இருக்கின்றன, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கசகசா. மார்ஃபின், கோடீன் இரண்டும் அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சோதனையின் எல்லை முன்பு 300 நானோகிராமாக இருந்ததை 2000-க்கு உயர்த்தியதற்குக் காரணமே இதுதான். அதற்கு மேல் வந்தாலும் 15,000-க்குக் கீழே இருந்தால், முறைகேடாகப் பயன்படுத்தியதற்கு மருத்துவ அடையாளம் ஏதாவது கண்டால்தான் எம்.ஆர்.ஓ. பாசிட்டிவ் சொல்ல முடியும். 15,000-ஐத் தாண்டிவிட்டால் "கசகசா சாப்பிட்டேன்" என்பதை ஏற்கவே கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குருமாவில் அரைத்து விடும் ஒரு ஸ்பூனுக்கு நான் பதற மாட்டேன். கசகசா அல்வா, பாயசம் என்று கப் கப்பாகச் சாப்பிடுவதை ஸ்டியரிங் பிடிக்கும் காலம் முழுக்கத் தள்ளி வைப்பேன்.

லேகியம். இலங்கை நண்பர்களுக்கு மதன மோதகம் தெரிந்திருக்கும், ஆயுர்வேதக் கடையில் சட்டப்படியே விற்கும், உள்ளே இருப்பது கஞ்சா. தமிழ்நாட்டுப் பக்கமும் அப்படிச் சேர்த்த லேகியங்கள் உண்டு. பசிக்கு, தூக்கத்துக்கு என்று யாராவது ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால் உள்ளே என்ன என்று தெரியாமல் வாயில் வைக்காதீர்கள். கஞ்சாவுக்கு எந்த மருத்துவச் சீட்டும் செல்லாது, கனடா டாக்டர் எழுதிய சீட்டாக இருந்தாலும் சரி. கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெய், ஹெம்ப் கம்மி எல்லாம் இதே கணக்குதான். லேபிளில் கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி. இல்லை என்று போட்டிருந்ததே என்று சொல்லித் தப்ப முடியாது என்பதை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2020-லேயே தனி அறிவிப்பாகப் போட்டது. புகைத்த மயக்கம் சில மணி நேரத்தில் போய்விடும், சோதனை தேடுவது அதன் கழிவை. வழக்கமாகப் புகைப்பவரின் உடம்பில் அது வாரக் கணக்கில்கூட நிற்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி பார்ட்டி, திங்கட்கிழமை வேலை என்ற கணக்கு இங்கே உதவாது.

கோடீன். கனடாவில் சில மாகாணங்களில் டாக்டர் சீட்டு இல்லாமலே பார்மசி கவுண்டரில் கேட்டு வாங்கக்கூடிய வலி மாத்திரைகளில் சிறு அளவு கோடீன் இருக்கிறது. வாங்க வேண்டி வந்தால் பார்மசியில் உங்கள் பெயரில் பதிந்து ரசீது வாங்கி வையுங்கள். இருமல் சிரப்பும் அப்படித்தான். ஊரிலிருந்து வாங்கி வரும் மருந்துகளுக்கும் விளக்கம் சொல்ல வழி உண்டு, சட்டப்படி வாங்கியதற்கு ஆதாரம் காட்ட வேண்டியது நீங்கள். சூட்கேஸில் அட்டையைக் கிழித்து மாத்திரையை மட்டும் டப்பாவில் போட்டுக் கொண்டுவரும் பழக்கத்தை விடுங்கள்.

அமெரிக்கக் கடைகளில் விற்கும் சில மூக்கு உறிஞ்சிகளில் மெத்தம்ஃபெட்டமினின் இன்னொரு வடிவம் இருக்கும். லேப்பில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும், எம்.ஆர்.ஓ.விடம் சொன்னால் போதும்.

அரிஷ்டம். தசமூலாரிஷ்டம் மாதிரியானவை புளிக்கவைத்துச் செய்பவை, மது தானாகவே உண்டாகியிருக்கும். விதியில் மது என்றால் பாட்டிலில் வரும் சரக்கு மட்டுமல்ல, மது கலந்த மருந்தும் மதுதான்.

மது: எண்களும் ஊதும் அறையும்

வேலைக்கு முன் 4 மணி நேரத்துக்குள் குடிக்கக்கூடாது. ஊதிப் பார்க்கும் மது அளவு 0.04-ம் அதற்கு மேலும் வந்தால் விதிமீறல், கிளியரிங்ஹவுஸில் ஏறும். 0.02-லிருந்து 0.039 வரை வந்தால் 24 மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது, பதிவேட்டில் ஏறாது, ஆனால் கம்பெனி தன் கொள்கைப்படி என்ன வேண்டுமானாலும் செய்யலாம். 4 மணி நேர விதியைப் பிடித்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை குடித்துவிட்டு ஆறு மணிக்கு வண்டி எடுப்பவர் நேரக் கணக்கில் தப்புவார், ஊதும்போது மாட்டுவார்.

ஊதும் சோதனையில் முதல் தடவை 0.02 அல்லது மேலே வந்தால் குறைந்தது 15 நிமிடம் காத்திருக்க வைத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அந்த 15 நிமிடமும் எதையும் வாயில் போடக்கூடாது, சூயிங்கம், பாக்கு, தண்ணீர் எதுவும் வேண்டாம், ஏப்பத்தையும் அடக்கிக்கொள்ளுங்கள். மவுத்வாஷ் கொப்பளித்த வாயில் நிற்கும் மது இந்த நேரத்தில் போய்விடும், அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. இரண்டாவது ஊதலுக்கு முன் மெஷின் காற்றில் 0.00 காட்டுகிறதா என்று உங்களுக்குக் காட்டுவார்கள், பாருங்கள். கணக்கில் வருவது இரண்டாவது எண்தான்.

ராண்டம்

வேலையில் சேர்ந்த பிறகு உங்கள் பெயர் ஒரு குலுக்கல் பட்டியலில் இருக்கும். வருடத்துக்கு அந்தப் பட்டியலின் எண்ணிக்கையில் 50 சதவீத அளவுக்குப் போதைச் சோதனையும் 10 சதவீத அளவுக்கு மதுச் சோதனையும் நடக்க வேண்டும், 2020-க்கு முன் போதைச் சோதனை 25 சதவீதமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலிலும் எல்லாப் பெயரும் திரும்ப உள்ளே போகும், அதனால் ஒருவருக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை வரும், பக்கத்து ஆளுக்கு இரண்டு வருடமாக வராது. "தமிழன்னு என்னைக் குறி வைக்கிறாங்க" என்று சண்டைக்குப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொன்ன நிமிடத்திலிருந்து உடனே கிளம்ப வேண்டும். குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, லோடை இறக்கிவிட்டு என்பதெல்லாம் கிடையாது. நீங்கள் ஒஹையோவில் பாதி வழியில் இருந்தால் விவரம் தெரிந்த சேஃப்டி ஆபிஸர் அப்போது சொல்ல மாட்டார், யார்டுக்குத் திரும்பியதும் சொல்வார். வழியில் இருக்கும்போதே சொல்லிவிட்டால் எந்த கிளினிக், எத்தனை மணிக்கு என்று மெசேஜில் எழுதி வாங்குங்கள், நேராக அங்கே போங்கள். கிளினிக் மூடியிருந்தால் வாசலில் நின்றபடியே கம்பெனிக்குப் போன் போடுங்கள், வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் சொல்லாதீர்கள்.

மேற்பார்வையாளருக்குச் சந்தேகம் வந்தாலும் அனுப்பலாம். அதற்கு அவர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், மதுவுக்கு ஒரு மணி நேரம், போதைக்கு ஒரு மணி நேரம். நடை, பேச்சு, வாடை என்று தானே கண்டதை வைத்துச் சொல்ல வேண்டும், அடுத்தவர் சொன்ன கோள் போதாது. அந்த நேரத்தில் வாதாடாமல் போய்ச் சோதனையைக் கொடுத்துவிட்டு வந்து பிறகு வாதாடுங்கள்.

விபத்து நடந்தால்

எல்லா மோதலுக்கும் சோதனை கிடையாது. யாராவது இறந்துபோனால் உங்கள் மேல் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோதனை உண்டு. யாராவது காயப்பட்டு அந்த இடத்திலிருந்து உடனே சிகிச்சைக்குக் கொண்டுபோகப்பட்டாலோ, ஏதாவது ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டி வந்தாலோ, போலீஸ் உங்களுக்கு டிக்கெட் எழுதியிருந்தால் மட்டும் சோதனை. லோடிங் டாக்கில் பின்னால் தட்டியது இதில் வராது. கம்பெனி தன் கொள்கைப்படி அனுப்பினால் அதற்கு அரசுப் படிவத்தைப் பயன்படுத்தக்கூடாது, கையில் தரும் படிவத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுச் சோதனை 2 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். தாண்டினால் ஏன் தாமதம் என்று கம்பெனி எழுதி வைக்கும், 8 மணி நேரம் ஆகிவிட்டால் விட்டுவிடுவார்கள். போதைச் சோதனைக்கு 32 மணி நேரம். விபத்துக்குப் பிறகு கை நடுங்குகிறது என்று ஒரு பெக் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். சோதனை முடியும் வரை, அல்லது 8 மணி நேரம் முடியும் வரை, ஒரு சொட்டும் கூடாது. முதலில் உங்களுக்கும் மற்றவருக்கும் வைத்தியம், அடுத்து போலீஸ், அடுத்து கம்பெனிக்குப் போன். போனை ஆன் பண்ணியே வையுங்கள், கம்பெனி தேடும்போது கிடைக்காமல் இருந்தால் மறுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சொந்த வண்டி, சொந்தக் கம்பெனி

இன்னொரு கம்பெனிக்குக் கீழே வண்டியை விட்டிருந்தால் அந்தக் கம்பெனியின் பட்டியலில் நீங்கள் இருப்பீர்கள். உங்கள் பெயரிலேயே அமெரிக்க அனுமதி வாங்கி ஒற்றை ஆளாக ஓட்டினால் முதலாளியும் நீங்களே, தொழிலாளியும் நீங்களே, இரண்டு பேருக்கும் உள்ள கடமை உங்கள் தலையில்தான். ஒரே ஒரு பெயரை வைத்துக் குலுக்க முடியாது என்பதால் பல டிரைவர்களை ஒரே பட்டியலில் சேர்த்துச் சோதனை நடத்தும் கன்சோர்ஷியம் ஒன்றில் சேர வேண்டும். கிளியரிங்ஹவுஸில் முதலாளியாகவும் டிரைவராகவும் பதிந்து, அந்தக் கன்சோர்ஷியத்தை நியமித்து, தேடலுக்குக் காசு கட்டி, ஒரு தேடல் 1.25 டாலர்தான், வருடம் ஒருமுறை உங்களைப் பற்றி நீங்களே தேட வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும், செய்துவிடுங்கள்.

புதுக் கம்பெனிகளுக்கு அமெரிக்கத் தரப்பிலிருந்து பாதுகாப்புத் தணிக்கை வரும், கனடாவில் இருப்பவர்களுக்கும் உண்டு. சோதனைத் திட்டமே இல்லை, அல்லது ராண்டம் நடக்கவில்லை என்றால் மற்றக் காகிதம் எல்லாம் பளிச்சென்று இருந்தாலும் தணிக்கையில் நேராகத் தோல்விதான். கன்சோர்ஷியம் தரும் சேர்க்கைச் சான்றிதழ், முதல் சோதனை முடிவு, தேடல் ரசீது மூன்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள்.

பாசிட்டிவ் அல்லது மறுப்பு என்று விழுந்துவிட்டால்

அன்றே ஸ்டியரிங்கிலிருந்து இறங்க வேண்டும். அமெரிக்க மாநில லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 2024 நவம்பர் 18 முதல் கமர்ஷியல் லைசன்ஸையே மாநிலம் இறக்கிவிடும். நம்மைப் போல ஒன்டாரியோ லைசன்ஸ்காரர்களுக்கு லைசன்ஸ் கையில் இருக்கும், அமெரிக்காவுக்குள் ஓட்டத்தான் முடியாது.

திரும்பி வர ஒரே வழி எஸ்.ஏ.பி. என்னும் தகுதி பெற்ற ஆலோசகர். அவர் உங்களை மதிப்பிட்டு வகுப்போ சிகிச்சையோ எழுதித் தருவார், முடித்த பிறகு மறுபடி மதிப்பிடுவார். ஒருவர் கடுமையாகச் சொல்கிறார் என்று இன்னொருவரிடம் போய் வேறு மதிப்பீடு வாங்க முடியாது, அதனால் முதலில் யாரிடம் போகிறோம் என்பதை விசாரித்துப் போங்கள். செலவை யார் ஏற்பது என்று விதி சொல்லவில்லை, அனேகமாக உங்கள் பையிலிருந்துதான் போகும். அவர் சரி என்ற பிறகு திரும்பச் சேரும் சோதனை, ஆள் நின்று பார்க்கும் வகை. அதில் நெகட்டிவ் வந்தால் ஓட்டலாம், ஆனால் பழைய கம்பெனி உங்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்கு மேல் முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 முறை முன்னறிவிப்பில்லாத தொடர்ச் சோதனை, எஸ்.ஏ.பி. நினைத்தால் 5 வருடம் வரை நீட்டலாம். ராண்டம் இதில் சேராது, அது தனியாக வந்துகொண்டிருக்கும்.

கிளியரிங்ஹவுஸ் பதிவு 5 வருடம் நிற்கும், தொடர்ச் சோதனைகள் அதற்குள் முடியாவிட்டால் முடியும் வரை. பதிவில் தேதியோ விவரமோ தவறாக ஏறியிருந்தால் திருத்தம் கேட்கலாம். சோதனை முடிவே தப்பு என்று அதில் வாதாட முடியாது. அந்தச் சண்டைக்கான நேரம் எம்.ஆர்.ஓ. போன் செய்த அன்றும், இரண்டாவது பாட்டிலைக் கேட்க இருந்த 72 மணி நேரமும்தான்.